நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் அண்ணி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு காதுத் தோட்டைக் கழற்றினார். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாக. தாலியை மட்டும் ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, “கெட்டியாப் புடிச்சுக்க பாப்பா, கீழ போட்டுடாத” என்றார். நான் அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். புதுப்பெண்ணுக்குக் கொல்லையைக் காட்டிவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள். குன்னம் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கும் நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். ஒருபுறம் பருத்தி வெடித்து நின்றது, மறுபுறம் சின்ன வெங்காயம். நடுவில், கைப்பிடிச் சுவர் இல்லாத எங்கள் கிணறு. தை மாதம் என்பதால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அண்ணி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். “எவ்வளவு தண்ணி!” என்றார். புடவையைத் தூக்கிச் செருகினார். குதித்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு பெண் கிணற்றில் குதித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு விவரம் தெரிந்த பிறகும் ஊர் அதைப் பார்த்திருந்தது. கிணற்றோரம் நடக்கும்போதெல்லாம் அம்மாக்கள் தங்கள் பெண் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அந்தச் சத்தம் கேட்டபோது நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. நகையைக் கழற்றிக் கொடுத்ததற்கும் அதுதான் காரணம் என்று தோன்றியது. நான் அலறினேன். பக்கத்துக் கொல்லையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மடியிலிருந்த பஞ்சைக் கொட்டிவிட்டு ஓடிவந்தார்கள். பம்புசெட்டுக்குப் பின்னாலிருந்து அண்ணன் ஓடிவந்தான். கட்டியிருந்த புது வேட்டியோடு அப்படியே பாய்ந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் பாய்ந்தார்கள்.

தண்ணீரின் மேல் வெறும் குமிழிகள் மட்டும் இருந்தன. அண்ணன் மூழ்கி எழுந்தான், மறுபடி மூழ்கினான். ஊரே விளிம்பில் கூடிவிட்டது. அம்மா மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது எதிர்ப்புறக் கல்படிக்குப் பக்கத்தில் அண்ணியின் தலை மேலே வந்தது. கையால் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னாங்க, நீங்களும் குளிக்க வந்துட்டீங்களா?”

அண்ணி கொள்ளிடக் கரைக்காரர். திருமானூருக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய ஊர். அங்கே பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒன்றாக ஆற்றில் கிடந்து வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்காக இரண்டு நாள் பட்டுப்புடவையிலும் புழுதியிலும் இருந்தவருக்குத் தண்ணீரைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். அதை அவர் சொன்னபோது சிரித்தது ஒருவரும் இல்லை. ஈரப் புடவையோடு படியேறி வந்தவரை ஊரார் பார்த்த பார்வை, செத்துப் பிழைத்தவரைப் பார்க்கும் பார்வையாக இல்லை. திருட்டில் மாட்டிக்கொண்டவரைப் பார்க்கும் பார்வையாக இருந்தது. அப்பா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே அல்ல. தோளிலிருந்த துண்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, “போத்தி அழைச்சுக்கிட்டுப் போடா” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இந்த வூட்டுப் பொம்பளைங்க கெணத்துல எறங்குறதில்ல.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அண்ணி எதிர்த்தும் பேசவில்லை. களை எடுத்தார், வெங்காயம் தாள் அறுத்தார், மக்காச்சோளம் ஒடித்தார், இரண்டு பையன்களைப் பெற்றார். பையன்களுக்கு ஏழெட்டு வயதானதும் அப்பாவே அவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார். அண்ணி வெங்காயக் கூடையைத் தலையில் வைத்தபடி தூரத்தில் நின்று பார்ப்பார். பெரியவன் காலைத் தப்பாக உதைக்கிறான் என்பது அவருக்கு அங்கிருந்தே தெரியும். உதடு அசையும், குரல் வராது.

தாய்வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். ஒரு ஆடிப்பெருக்குக்கு என்னையும் அழைத்துப் போனார். கொள்ளிடத்தில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே, சந்தைக்குப் போகிறவர்களைப்போல ஆற்றில் இறங்கினார்கள். அண்ணி நடு ஆற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னை அழைத்தார். இடுப்பளவுத் தண்ணீரில் என் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, “ஒதறாத பாப்பா. தண்ணியில படுத்துக்க, அதுவே தூக்கும்” என்றார். அவர் கையை எடுத்த உடனே நான் உதறினேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. அதோடு சரி, நான் கற்றுக்கொள்ளவில்லை. அவசியம் என்றும் தோன்றவில்லை. நன்றாகப் படித்தால் போதும் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். நானும் படித்தேன். பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆண்டிமடத்தில் தன் அண்ணன் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தாள். அப்பாவும் கூடப் போயிருந்தார். லீவு நாள் என்பதால் நான் கொல்லையில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தேன். மழைவிட்ட நேரம். எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லையில், ரோட்டை ஒட்டி ஒரு பெரிய கிணறு உண்டு. நிரம்பி வழியும் நிலையில் இருந்தது. எங்கோ காதுகுத்து முடித்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தின் வேன் வளைவில் திரும்பியது. எதிரே வந்த ஆட்டுக்காக ஓட்டுநர் ஒடித்தார் என்று பிறகு சொன்னார்கள். ஈர ரோட்டில் வேன் சறுக்கியதை நான் பார்த்தேன். அது கிணற்றுக்குள் போனதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இருந்த இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. பிறகுதான் சத்தம் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணி பாதி தூரம் ஓடியிருந்தார். நகையைக் கழற்றவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீருக்குள் இருந்தார்.

கிணற்றில் தலைகள் தெரிந்தன. எல்லாம் ஆண்களின் தலைகள். ஒருவருக்கு நெற்றி பிளந்து ரத்தம். ஒருவருக்குக் கை ஒடிந்து தொங்கியது. ஒற்றைக் கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிறார்கள், உள்ளே இருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணி அவரைத் தாண்டி மூழ்கினார். எழுந்தபோது அவர் கையில் ஒரு சிறுமி இருந்தாள். அண்ணன் வாங்கினான். மறுபடி மூழ்கினார். இன்னொரு குழந்தை. அடுத்த முறை அண்ணனும் கூடவே மூழ்கினான், வேனிலிருந்து தப்பித்த இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப மூழ்கினார்கள். கலங்கிய தண்ணீரில் வேனுக்குள் நுழைந்தது அண்ணி மட்டும்தான், மற்றவர்கள் வெளியிலிருந்து வாங்கினார்கள். மூன்றாவது குழந்தையும் வந்தது. ஒரு பெண் வந்தாள், அவளைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மேலே தூக்கி வயிற்றை அமுக்கியதும் இருமினாள். அதற்குப் பிறகு அண்ணி மேலே கொண்டுவந்தவர்கள் யாரும் இருமவில்லை. மூன்று பெண்கள். ஒருத்தியின் தலையில் காலையில் வைத்த கனகாம்பரம் அப்படியே இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது அண்ணி விளிம்பில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் நடுங்கினார். என்ன அண்ணி என்று கேட்டேன். விரல்களை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அவர் என்ன பார்த்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

செய்தி பரவியது. மார்ச் மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் தின விழாவுக்கு அண்ணியை அழைத்தார்கள், பாராட்டிக் கேடயம் கொடுப்பதற்காக. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதலில் கிளம்பியவர் அவர்தான். எங்கள் குடும்பமே பஸ் ஏறிப் போனது. மண்டபத்தின் சுவர் முழுக்கச் சரித்திரத்தில் பெயர் பெற்ற பெண்களின் படங்கள்: குதிரைமேல் வாளோடு அரசி, முதல் மருத்துவர்களில் ஒருவர், சிறைக்குப் போனவர், விமானம் ஓட்டியவர், விண்வெளிக்குப் போய் வந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வேடங்களிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டை வாள், அட்டைக் கிரீடம், வெள்ளைக் கோட்டு, தலையில் கண்ணாடிக் குடுவைபோல ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. அதை இன்றும் மறுக்கமாட்டேன். சிறப்பு விருந்தினர் நீண்ட நேரம் பேசினார். பெண்கள் தொடாத துறை இல்லை, ஏறாத உயரம் இல்லை என்றார். நாங்கள் கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கியது.

அண்ணிக்குச் சால்வை போர்த்தினார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெண், “ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்று ஒலிவாங்கியை நீட்டினார். எல்லோரும் சொல்வதுபோல நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அண்ணி கேடயத்தை மேசைமேல் வைத்தார்.

“அந்த வேனுல அஞ்சு ஆம்பளைங்க இருந்தாங்க,” என்றார். “அஞ்சு பேரும் மேல வந்துட்டாங்க. நாலு பொம்பளைங்க இருந்தாங்க. ஒருத்தவங்கதான் பொழைச்சாங்க.”

மண்டபத்தில் யாரோ கை தட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

“வேன் கதவு தொறந்துதாங்க கெடந்துச்சு. உள்ள யாரையும் எதுவும் நசுக்கல. ஆனா அவங்க வெளிய வரல. சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு வெரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன். கம்பியை விட்டுருந்தாலே தண்ணி தூக்கி மேல கொண்டாந்திருக்கும். வுடணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”

என் கை என் வாயைப் பொத்தியிருந்தது. அன்றைக்குக் கிணற்று விளிம்பில் அவர் எதற்காகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவனும் அதை முதல்முறையாகக் கேட்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. “இங்க இருக்குற பொம்பளைங்கள்ல நீஞ்சத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க” என்றார்.

சில நூறு பெண்கள் இருந்த மண்டபம் அது. ஆசிரியைகள், செவிலியர்கள், அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவிகள். எல்லோரும் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஓரத்தில் போலீஸ் உடுப்பில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினார். வேறு கை இல்லை. முன்வரிசையில் அரசி வேடம் போட்ட சிறுமி தன் அட்டை வாளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி எண்ணிப் பார்த்தாள். விண்வெளிக்குப் போகிறவள் குடுவையைக் கழற்றிவிட்டு அவளிடம் ஏதோ கேட்டாள். நானும் கையைத் தூக்கவில்லை. எனக்குத் தெரியாதே.

“இப்ப ஆம்பளைங்க தூக்குங்க” என்றார் அண்ணி.

ஓரங்களில் நின்றவர்கள், ஒலிபெருக்கிக்காரர், புகைப்படக்காரர், தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தவர், என் அண்ணன், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, எல்லோருடைய கையும் மேலே போனது. மேடையில் சிறப்பு விருந்தினரின் கையும் பாதி எழுந்தது. எழுந்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததுபோல அதை இறக்கித் தலையைக் கோதிக்கொண்டார்.

ஒரு மண்டபமே அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்றும் புதிய உண்மையை அவர் சொல்லிவிடவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக அறிந்தே இருந்தோம். எங்களில் கிட்டத்தட்ட எவருக்குமே தெரியாது என்பதும், அதற்கு விலையாக மூன்று பேர் கதவு திறந்திருந்த வேனுக்குள் உட்கார்ந்தபடியே இறந்தார்கள் என்பதும்தான் தெரியாமல் இருந்தது. விண்வெளிக்குப் போனவரை நான் இன்றும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கிணற்றின் குறுக்களவு என் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை.

தொகுப்பாளர் அவசரமாக நன்றி சொன்னார். பாட்டுப் போட்டார்கள். அண்ணி கீழே இறங்கி வந்தபோது ஒருவர் எதிரே வந்து நின்றார். கை ஒடிந்து தொங்க, உள்ளே இருக்கிறார்கள் என்று கத்தியவர். கனகாம்பரம் வைத்திருந்தவளின் கணவர். விழாவுக்கு அவரையும் அழைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன் எழுந்து முன்னால் போனான். சபையில் வைத்து இப்படிப் பேசிவிட்டாயே என்று அவர் ஏதாவது கேட்பார் என்று பயந்தோம். அவர் பக்கத்தில் அந்தச் சிறுமி, அண்ணி முதலில் வெளியே கொண்டுவந்தவள், அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவளை முன்னால் நகர்த்தினார். “இவளுக்குக் கத்துக் குடுப்பீங்களா?” என்றார்.

அண்ணி திரும்பி அப்பாவைப் பார்த்தார். கிணறு அப்பாவுடையது, அவர் சொன்ன ஒரு வார்த்தை அத்தனை வருடமாக அதற்குக் காவலாக நின்றது. அப்பா அந்தச் சிறுமியைப் பார்த்தார். எழுந்து வெளியே நடந்துவிட்டார். வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மனிதர் பதிலுக்குக் காத்திராமல் மகளை பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். அண்ணி வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அப்பா பம்புசெட்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். பேரப் பிள்ளைகளுக்குக் கட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சிறுமியின் இடுப்பில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அண்ணியிடம், “நீ எறங்கும்மா, நான் மேல புடிச்சுக்கறேன்” என்றார்.

சிறுமி முதல் நாள் தண்ணீரைத் தொடவே இல்லை, படியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணியும் அவளோடு படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு காலை நனைத்தாள். பிறகு இடுப்பு. கத்திரி வெயில் வருவதற்குள் கயிறு தளர்ந்து தொங்க அவள் தானாக மிதந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள், பிறகு காலனியிலிருந்து மூன்று பேர், பழைய சுடிதாரும், மிதக்கக் கட்டிக்கொள்ளும் காலி பிளாஸ்டிக் கேனுமாக. முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். நானும் இறங்கினேன். கொள்ளிடத்தில் உதறியதுபோலவே உதறினேன், அண்ணி அதே வார்த்தைகளைச் சொன்னார். இந்தத் தடவை படுத்தேன். தூக்கியது.

போன கார்த்திகையில் கிணறு மறுபடி நிறைந்திருந்தது. பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போல விளிம்பில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். அம்மா எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தவள், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். கால் நனைக்கப் போகிறாள் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. புடவையை இறுக்கிச் செருகினாள். கடைசிப் படியிலிருந்து சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் நழுவினாள்.

“அத்தே!” என்று அண்ணி அலறிக்கொண்டு பாய்ந்தார். அப்பா கயிற்றை எறிந்தார். எறிந்த கயிறு தண்ணீரில் கிடந்தது. அதைத் தாண்டி அம்மா போய்க்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, தோள் சீராக அசைந்து, நீரை விலக்கி விலக்கி, எதிர்ப்புறச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அண்ணி நடுக்கிணற்றில் அப்படியே மிதந்து நின்றுவிட்டார். பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிட்டது. என் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவள் நீந்தி நான் பார்த்ததில்லை, அண்ணன் பார்த்ததில்லை, அவளோடு ஒரு வாழ்க்கை முழுக்க வாழ்ந்த அப்பா பார்த்ததில்லை.

படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “எங்க ஊரு ஏரியில கத்துக்கிட்டது. பெரியமனுசி ஆனதும் நிறுத்திட்டாங்க. மறந்துபோயிருக்கும்னுதான் நெனச்சேன்” என்றாள்.

எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. “அன்னிக்கு ஏம்மா நீ கையைத் தூக்கல?” என்று கேட்டேன்.

அம்மா மேலே பார்க்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

“பக்கத்துல ஒங்கப்பா ஒக்காந்திருந்தாரு” என்றாள். காலால் படியை உந்திவிட்டு, மறுபடியும் எதிர்ச்சுவரை நோக்கிப் போனாள்.